பாட்டில் பானை

அத்தியாயம் 14

சனிக்கிழமை காலை எட்டு இருபதுக்கு லுபோர் துஷெக் தன் மனைவியின் அடுப்பை உடைத்தார்.

வேண்டுமென்று உடைக்கவில்லை. நாற்பது லிட்டர் பானை ஒன்றில், பீர் காய்ச்ச வடித்த இருபத்தெட்டு லிட்டர் மால்ட் சாற்றை நிரப்பினார். நாலு பேர் சமையலுக்கென்று செய்த கண்ணாடி அடுப்பின் மேல் அதை ஏற்றினார். சூட்டை ஒன்பதில் வைத்தார். பிறகு மேசையருகே நின்று, மருந்துக்கடைக்காரர் மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவை எடை போட்டார். அவர் செய்தது இவ்வளவுதான்.

"டக்" என்று ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. முட்டையை உடைத்தால் வருகிற சத்தம்.

கண்ணாடியின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரு கோடு ஓடியது. விளக்கு அணைந்தது. ரேடியோவில் வானிலை சொல்லிக்கொண்டிருந்த பெண், "பிற்பகலில் தென் பொஹீமியாவில்..." என்ற இடத்தில் நின்றுவிட்டாள்.

"பிற்பகலில் தென் பொஹீமியாவில் என் தலை உருளும்," என்று லுபோர் பானையிடம் சொன்னார்.

பானையிடம் பேசுவது அவருக்குப் புதிதல்ல. பீசெக் நகரத்து அடுக்குமாடிக் கட்டடத்தின் நாலாவது மாடியில், எட்டு மாதமாக அவருக்குப் பேச்சுத்துணை பானை, ரேடியோ, ஒரு ரப்பர் செடி. ரேடியோதான் கொஞ்சம் பதில் சொல்லும். இப்போது அதுவும் போயிற்று.

மார்ச் மாதம் மனைவி யர்மிலா ஒரே ஒரு பெட்டியோடு பிர்னோவுக்கு ரயிலேறியது நினைவிருக்கும். மகள் இவெட்டாவுக்கு இரட்டைக் குழந்தை. கை உதவிக்கு ஆறு வாரம் என்றுதான் பேச்சு. ஆறு பத்தாகி, பத்து இருபதாகி, இப்போது நவம்பர் ஒன்பது. லுபோர் இரண்டு தடவை போய்ப் பார்த்தார். இரண்டு தடவையும் சோபாவில் படுத்து, மறுநாளே திரும்பிவிட்டார். ரப்பர் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று காரணம் சொன்னார். ரப்பர் செடி மூன்று வாரம் தண்ணீரில்லாமல் இருக்கும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"எப்ப வர்றே?" என்று ஒவ்வொரு ஞாயிறும் போனில் கேட்பார்.

"பார்க்கலாம்," என்பாள் யர்மிலா.

போன மாதம் மட்டும், "கிறிஸ்துமஸுக்குப் பார்க்கலாம்," என்றாள். லுபோர் அதில் 'பார்க்கலாம்' என்பதை விட்டுவிட்டுக் 'கிறிஸ்துமஸ்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டார். உடனே அவளுக்கென்று இன்னொரு பீர் காய்ச்ச முடிவு செய்தார். பன்னிரண்டு டிகிரி என்று சொல்லும் நல்ல கெட்டியான பீருக்குக் குளிர்ச்சியில் ஆறு வாரமாவது கிடக்க வேண்டும். காலண்டரில் எண்ணிப் பார்த்தார். இன்றைக்குக் காய்ச்சினால் கிறிஸ்துமஸ் இரவுக்குச் சரியாக இருக்கும். அடுத்த சனி என்றால் பச்சை வாடையோடு குடிக்க வேண்டும். செப்டம்பரில் செய்த முதல் பீர், சாலட்டுக்கு ஊற்றும்படியாக வினிகராகிவிட்டது. இரண்டாவது தேவலை. இது மூன்றாவது. இது யர்மிலாவுக்கு.

மாவுக்கஞ்சியிலிருந்து வடித்த இந்தச் சாறு காத்திருக்காது. இன்றைக்கே ஒன்றரை மணி நேரம் தளதளவென்று கொதித்தாக வேண்டும். இல்லாவிட்டால் நாளைக் காலையில் புளித்து நாறும்.

ஆக, ஒரு நெருப்பு வேண்டும்.

மகளுக்குப் போன் போட்டார்.

"இவெட்டா, ஒரு சின்ன சந்தேகம். கண்ணாடி அடுப்பு எவ்வளவு கனம் தாங்கும்?"

"உடைச்சிட்டியா அப்பா?"

"சும்மா பொதுவாக் கேட்டேன்."

"அம்மாவோட அடுப்பை உடைச்சிட்டே."

"கீறல்தான். வெளிச்சத்துல பார்த்தாத்தான் தெரியும்."

"வெளிச்சம் இருக்கா?"

லுபோர் நவம்பர் மூட்டத்தில் மங்கிக் கிடந்த சமையலறையைப் பார்த்தார். "அதுவும் இல்ல."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "மோய்மீர் விடியறதுக்கு முன்னாடியே வேன்ல கிளம்பிட்டான். பத்தரைக்கு அங்க இருப்பான். அவன்கிட்ட காட்டு. அதுவரைக்கும் எதையும் தொடாதே. தயவு செஞ்சு."

"மாப்பிள்ளை எதுக்கு இங்க வர்றார்?"

"அம்மாவோட குளிர்க் கோட்டு. அப்புறம் ரெண்டு மூணு சாமான்."

"கோட்டுக்கா ஒரு வேன்? கிறிஸ்துமஸுக்கு அவ இங்க வரும்போது..."

"அப்பா, குழந்தை அழுறான். அப்புறம் பேசறேன்."

குழந்தை யாரும் அழுத மாதிரி லுபோருக்குக் கேட்கவில்லை.

*

மருமகன் மோய்மீர் மின்சார இணைப்புகளைச் சோதித்துச் சான்று தரும் பரிசோதகர். நல்லவன், நிதானமானவன். லுபோருக்கு அவனைப் பிடிக்கும். ஆனால் கல்யாணமாகி ஒன்பது வருடமாகியும் இருவரும் ஒருவரையொருவர் 'நீங்க' என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். அவன் 'துஷெக் சார்' என்பான். இவர் 'என்ன சாப்பிடறீங்க?' என்பார்.

குற்றம் லுபோருடையது. வயதில் மூத்தவர்தான் கிளாஸை நீட்டி, தன் பெயரைச் சொல்லி, இனிமேல் நீ-நான் என்று ஆரம்பித்துவைக்க வேண்டும். சின்னவன் வாய்விட்டுக் கேட்க முடியாது. யர்மிலா கல்யாணத்தன்றே அதை முடித்துவிட்டாள். லுபோரும் கிளாஸோடு எழுந்தார். அந்த நேரம் பார்த்து வாயில் ஒரு கொழுக்கட்டை இருந்தது. அது தொண்டையில் மாட்டி, யாரோ முதுகில் குத்தி, கடைசியில் கிளாஸ் கவிழ்ந்தது. சரி, அடுத்த தடவை என்று விட்டார். அடுத்த தடவை ஈஸ்டர். அதற்கடுத்தது ஒரு சாவு வீடு. அப்புறம் கேட்கவே கூச்சமாகிவிட்டது. முப்பத்து நாலு வருடம் பஸ் ஓட்டியவர். ஒரு நிறுத்தத்தைத் தவறவிட்டால் பின்னால் எடுக்கக் கூடாது என்பதில் ஊறிப்போனவர்.

எதையும் தொடாதே என்று இவெட்டா சொல்லியிருந்தாள். லுபோர் பத்து நிமிடம் தொடாமல் இருந்து பார்த்தார். சாறு ஆறிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் நிலவறையில் கிடக்கும் பன்றி பர்னர் நினைவுக்கு வந்தது. அண்ணன் வீட்டில் பன்றி வெட்டும்போது கொப்பரைக்கு அடியில் வைக்கும் முரட்டு கேஸ் பர்னர். பத்து கிலோ சிலிண்டரும் கூடவே இருக்கிறது. அண்ணன் செத்து, பன்றி வெட்டுவது நின்று ஆறு வருடமாயிற்று. பர்னருக்கு வயது தெரியாது, எரியும்.

வாளி வாளியாகச் சாற்றை எடுத்துக்கொண்டு லிஃப்டில் இறங்கினார். மூன்றாவது மாடியில் ஹலஸோவா அம்மாள் ஏறிக்கொண்டாள். கட்டடக் கமிட்டியின் செயலாளர். லிஃப்டில் யார் எதைக் கொண்டுபோனாலும் மூடியைத் திறந்து பார்க்கும் உரிமை தனக்கு உண்டு என்று நம்புகிறவள்.

"என்ன துஷெக் சார், வாளியில? நாட்டுமருந்தா?"

"பீர். இன்னும் ஆகல."

"யர்மிலா இருந்தப்ப சனிக்கிழமையானா லிஃப்ட்ல கேக் வாசனை வரும்." அவள் மோந்து பார்த்தாள். "இப்ப குதிரை லாயத்து வாசனை."

"குதிரைக்கும் ஒரு கிளாஸ் தர்றேன், கிறிஸ்துமஸுக்கு வரச் சொல்லுங்க."

"அதுக்குள்ள யர்மிலா வந்துடுவாளா?"

"பார்க்கலாம்," என்றார் லுபோர். சொன்ன பிறகுதான் அது யாருடைய சொல் என்று உறைத்தது.

*

நிலவறையில் ஒவ்வொரு வீட்டுக்கும் மரச்சட்டம் அடித்த ஒரு சின்னக் கூண்டு. ஜன்னல் என்று சொல்லிக்கொள்ள, கூரையோரம் கை நுழையாத ஒரு பிளவு. ஏழு நடையில் சாறு முழுவதையும் பெரிய பானையில் சேர்த்து, பர்னர் மேல் ஏற்றி, சிலிண்டர் குழாயைத் திருகினார். திருகாணி லேசாக உஸ்ஸென்றது. பழசு அப்படித்தான் உஸ்ஸென்னும் என்று முடிவு செய்து, தீப்பெட்டியை எடுத்தார்.

"குச்சியைக் கீழ வைங்க, சார்."

மோய்மீர் படியில் நின்றுகொண்டிருந்தான். குரலை உயர்த்தவில்லை. கடித்துவிடக்கூடிய நாயிடம் பேசுகிற மாதிரி பேசினான்.

"வாங்க, வாங்க! பயணம் எப்படி இருந்தது?"

"சிலிண்டரை மூடுங்க முதல்ல. முழுசா. இப்ப மேல வாங்க. விளக்கு சுவிட்சைத் தொடாதீங்க. கதவை அகலத் திறந்து வைப்போம்."

கால் மணி நேரம் இருவரும் வாசலில் குளிரில் நின்றார்கள். அந்தக் கால் மணி நேரத்தில் லுபோருக்கு ஒன்பது வருடத்தில் கிடைக்காத அளவு பேச்சு மருமகனிடமிருந்து கிடைத்தது.

"சிலிண்டர் கேஸ் காத்தைவிடக் கனம், சார். மேல ஏறிப் போகாது. தண்ணி மாதிரி தரையில தேங்கும். நிலவறைக்குக் கீழ வேற இடம் கிடையாது, அங்கேயே நிக்கும். நீங்க குச்சி கிழிச்சிருந்தா ஹலஸோவா அம்மா உங்களுக்கு முன்னாடி சொர்க்கத்துக்குப் போயிருப்பாங்க."

"அங்கயும் கமிட்டி வைப்பாங்க."

மோய்மீர் சிரிக்கவில்லை. "ஒழுகலைன்னே வைங்க. ஒன்றரை மணி நேரம் ஜன்னல் இல்லாத இடத்துல எரிஞ்சா புகையில ஒரு விஷம் சேரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. தூக்கம் வர்ற மாதிரி இருக்கும். உட்காருவீங்க. அவ்வளவுதான். உங்களை எப்பத் தேடுவாங்க?"

லுபோர் பதிலுக்கு ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தார். ஞாயிறு போன் நாளைக்கு என்று கணக்குப் போட்டார். அதுவும் இவர்தான் போடுவார், அங்கிருந்து வராது.

"பால்கனில வெச்சா?" என்றார் மெதுவாக.

"நாலாவது மாடி, காத்து, முப்பது கிலோ கொதிக்கிற சாறு. கீழ குழந்தைங்க விளையாடற இடம்."

"என்கிட்ட சின்ன ஹாட் பிளேட் ரெண்டு இருக்கு. ரெண்டையும் இந்த வயர் உருளையில மாட்டி..."

"சுத்தி வெச்ச உருளையிலயா? முழுசா அவிழ்க்காம அவ்வளவு கரெண்ட் இழுத்தா உள்ள வயர் சூடாகி, ஒண்ணோட ஒண்ணு உருகி ஒட்டிக்கும். போன மாசம் ஒரு கொட்டகை எரிஞ்சதுக்கு நான்தான் அறிக்கை எழுதினேன்."

நெருப்பைப் பற்றிக் கேட்டால் இவனிடம் எல்லாக் கேள்விக்கும் பதில் இருக்கிறது என்று லுபோர் நினைத்துக்கொண்டார்.

வாயு வெளியேறியது உறுதியான பிறகு, சிலிண்டரை வெளியே கொண்டுவர இருவரும் மறுபடி இறங்கினார்கள். மோய்மீர் நிமிர்ந்தபோது கண் மேல்தட்டில் போய் நின்றது. அங்கே, பழைய துணியால் மூடி, ஓர் எனாமல் பானை இருந்தது. ஊறுகாய் பாட்டில்களை வரிசையாக அடுக்கித் தண்ணீரில் வேகவைக்கும் மின்சாரப் பானை. வெள்ளரிக்காய், பிளம், பேரிக்காய் எல்லாம் வருடா வருடம் அதில்தான். வீட்டில் அதற்குப் 'பாட்டில் பானை' என்று பெயர்.

அவன் எட்டித் துணியை விலக்கினான்.

"அது யர்மிலாவோடது," என்றார் லுபோர். "அதைத் தொட்டா கையை வெட்டுவா. அதுல வெள்ளரிக்காய் மட்டும்தான்."

"இருபத்தேழு லிட்டர், சார். ஆயிரத்து எண்ணூறு வாட். சூடாக்கற கம்பி அடியில மூடி இருக்கு, நெருப்பு கிடையாது, கேஸ் கிடையாது. சுவரு பிளக்ல நேரா மாட்டலாம்." எதற்கோ கோட்டுப் பையில் கையை விட்டு, அங்கிருந்த ஒரு காகிதத்தை இன்னும் உள்ளே தள்ளினான். "நாட்டுல பாதிப் பேர் பீர் காய்ச்சறதே இதுலதான்."

"அப்ப நான் ரெண்டு மாசமா முட்டாளா?"

"இன்னிக்குக் காலையிலதான் கொஞ்சம் ஜாஸ்தி."

*

ஏழு நடை கீழே வந்த சாறு, ஏழு நடை மேலே போனது. லிஃப்டில் ஹலஸோவா அம்மாள் மறுபடி வந்தாள். இருவர் முகத்தையும் பார்த்து, அதிசயமாக, வாளி மூடியைத் தொடாமல் இறங்கிப்போனாள்.

மோய்மீர் உடைந்த அடுப்பின் இணைப்பைக் கழற்றினான். மற்ற லைன்களை உயிர்ப்பித்தான். ஷாக் அடித்தால் கரெண்டை வெட்டும் ட்ரிப்பரின் சோதனைப் பொத்தானை அழுத்தி, அது வெட்டுகிறதா என்று பார்த்தான்; வெட்டியது. பாட்டில் பானையைச் சமையலறை ஜன்னலோரம் தரையில் சமமாக வைத்தான். கைப்பிடி, வயர், பிளக் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தான்.

"வெறும் பானையில சுவிட்ச் போடக் கூடாது. சாறு ஊத்தின அப்புறம்தான். விளிம்பு வரைக்கும் ஊத்தாதீங்க, பொங்கும். கூட மூணு நாலு லிட்டர் மிஞ்சினா மிஞ்சட்டும்."

"நாலு லிட்டர் பீர்!"

"நாலு லிட்டர் கொப்புளம், சார். மூடி போடாதீங்க, ஜன்னல் திறந்திருக்கட்டும். பக்கத்துல ஆள் இருக்கணும். கொதி வரைக்கும் ஒரு மணி நேரம் ஆகும்."

பானையைச் சுற்றி, கூடாரத்தில் விரிக்கும் பழைய நுரைப் பாய் ஒன்றைக் கட்டினார்கள், சூடு வெளியேறாமல். சுவிட்சைப் போட்டதும் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. லுபோருக்கு ஏனோ அது வீட்டில் யாரோ வந்துவிட்ட மாதிரி இருந்தது.

"ஒரு பாட்டில் திறக்கட்டுமா? ரெண்டாவது பீர். வினிகர் இல்ல, சத்தியமா."

"வண்டி ஓட்டணும், சார்."

அதற்கு மேல் வற்புறுத்த முடியாது. ஓட்டுகிறவனுக்கு ஒரு சொட்டும் கூடாது. பஸ்காரரிடம் அதைச் சொல்ல வேண்டியதும் இல்லை. லுபோர் தேநீர் போட்டார்.

மோய்மீர் படுக்கையறைக்குப் போய்க் குளிர்க் கோட்டை எடுத்து வந்தான். தையல் பெட்டி. பூட்ஸ். ஒவ்வொன்றையும் வாசலருகே வைத்து, காகிதத்தை எடுத்துப் பென்சிலால் கோடு போட்டான். தேநீர் குடிக்க உட்கார்ந்தபோது காகிதம் மேசையில், லுபோரின் பக்கம், மடங்கிக் கிடந்தது. யர்மிலாவின் கையெழுத்து. முப்பத்தெட்டு வருடமாகக் கடைக்குப் போகும்போதெல்லாம் அவர் பையில் இருந்த கையெழுத்து.

கோட்டு, கோடு போட்டாயிற்று. தையல் பெட்டி, கோடு. பூட்ஸ், கோடு.

நாலாவது: பாட்டில் பானை. கோடு இல்லை.

லுபோர் நிதானமாக யோசித்தார். கோட்டு சரி, குளிர். தையல் பெட்டி சரி, இரண்டு பையன்களுக்கும் முட்டி கிழியும். பூட்ஸ் சரி.

வெள்ளரிக்காய் ஜூலையில்தான் வரும்.

நவம்பரில் ஒருத்தி பாட்டில் பானையைக் கேட்கிறாள் என்றால், ஜூலையில் எங்கே இருக்கப்போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"மோய்மீர், அவ கிறிஸ்துமஸுக்கு வருவாளா?"

"அதை... இவெட்டாகிட்ட கேளுங்களேன், சார்."

"இவெட்டாகிட்ட கேட்டா குழந்தை அழுது. யர்மிலாகிட்ட கேட்டா பார்க்கலாம். உங்களைக் கேக்கறேன்."

"நான் வெளியாள் சார் இதுல. நான் எப்படி..." அவன் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "உங்ககிட்ட நான் எப்படிச் சொல்றது?"

பானையின் அடியில் மெல்ல ஒரு முனகல் ஆரம்பித்திருந்தது.

லுபோர் எழுந்தார். அலமாரியிலிருந்து இரண்டு கிளாஸ் எடுத்தார். குளிர்பெட்டியிலிருந்து ஒரு பாட்டில். அவசரமாக ஊற்றியதில் நுரை அதிகமாகிவிட்டது. நல்ல நாளில் இதற்கே கேலி பேசியிருப்பார். வாயில் கொழுக்கட்டை இருக்கிறதா என்று நாக்கால் ஒரு தடவை சோதித்துக்கொண்டார், பழைய பயம்.

ஒரு கிளாஸை மருமகனுக்கு முன்னால் நீட்டினார்.

"லுபோர்," என்றார்.

மோய்மீர் கிளாஸைப் பார்த்தான். ஜன்னல் வழியே கீழே நின்ற வேனைப் பார்த்தான். குடித்தால் இன்றைக்கு பிர்னோ கிடையாது. போன் செய்ய வேண்டும், இவெட்டா கத்துவாள், சோபாவில் படுக்க வேண்டும்.

எழுந்து நின்று கிளாஸை வாங்கினான்.

"மோய்மீர்."

கண்ணைப் பார்த்து, கிளாஸோடு கிளாஸை இடித்துக்கொண்டு, பாதி கிளாஸ் குடித்தார்கள். மோய்மீர் வாயைத் துடைத்தான்.

"பரவாயில்ல," என்றான். "கொஞ்சம் சோப்பு வாசனை."

"சோப்பேதான். பாட்டிலைச் சரியா அலசல. இப்ப சொல்லு."

"வரமாட்டாங்க, லுபோர்." அவன் உட்காரவில்லை. "கிறிஸ்துமஸுக்கும் வரல, அப்புறமும் வரல. எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி ஓர் அறை வீடு பார்த்திருக்காங்க. டிசம்பர் ஒண்ணாம் தேதி சாவி."

லுபோர் தலையாட்டினார். வண்டி தாமதம் என்று அறிவிப்புக் கேட்ட பயணி மாதிரி இரண்டு மூன்று தடவை தலையாட்டினார். பானையில் விளிம்போரமாக நுரை கூடத் தொடங்கியது. ஹாப்ஸ் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அதைப் பார்த்தபடியே கேட்டார்.

"நான் என்னதான் பண்ணினேன்?"

பானையிடம் கேட்டாரா, மருமகனிடம் கேட்டாரா என்று அவருக்கே தெரியாது. பதில் சொன்னது மருமகன்.

"ஒண்ணும் பண்ணல. எட்டு மாசமா ஞாயித்துக்கிழமை தவறாம போன் போடறே. யர்மிலா ஸ்பீக்கர்லதான் பேசுவாங்க, கைல குழந்தை இருக்கும். நாங்க எல்லாரும் கேப்போம். உப்பு எங்க இருக்குன்னு கேட்டிருக்கே. துணி மெஷின்ல எந்தப் பொத்தான்னு கேட்டிருக்கே. எப்ப வர்றேன்னு வாராவாரம் கேட்டே. 'வா'ன்னு நீ ஒரு தடவைகூடச் சொல்லல, லுபோர்."